ஹாட்பாக்ஸ் இட்லி மாதிரி நான்கு நாள்

கும்பகோணத்திலிருந்து பிப்ரவரியில் அம்மா வந்திருந்தார். ஜெர்மனியில் எங்கள் ஸ்டுட்கார்ட் வீட்டில் அவர் அண்டாத ஒரே இடம் ஜன்னலோரம். பழைய கட்டடம், ஹீட்டர் கொதித்தாலும் கண்ணாடிப் பக்கமிருந்து ஒரு சில்லிப்பு காலில் ஏறும். குளிர் ஏறாத வீட்டில் நான்கு நாளாவது அவரை உட்கார வைக்கலாம் என்று பிளாக் ஃபாரஸ்டில் (கேக் இல்லை, நிஜக் காடு) ஒரு பாசிவ் ஹவுஸை, அதாவது உள்ளிருக்கும் சூடு வெளியே போகாதபடி கட்டிய வீட்டை, வாடகைக்கு எடுத்தோம். ஃப்ரைபுர்க்கிலிருந்து மலையேறும் ரயில், அப்புறம் பஸ், அப்புறம் பனியில் பத்து நிமிட நடை. போய்ச் சேர்ந்ததும் கோனுஸ் அட்டை கொடுத்துவிட்டார்கள். அதைக் காட்டினால் அந்த வட்டாரத்து ரயிலும் பஸ்ஸும் இலவசம். கார் இல்லாதவர்களும் தைரியமாகப் போகலாம்.

வெளியே மைனஸ் 7. உள்ளே 21. அம்மா ஹீட்டரைத் தேடினார். குளியலறையில் துண்டு காயப்போடும் கம்பி ஒன்றைத் தவிர எங்கும் இல்லை. "அப்ப எது சுடுது?" என்றார். நாம்தான் என்றேன். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே 80 முதல் 100 வாட் வெப்பம் வரும். அதோடு சமையல், தெற்கு ஜன்னல் வழியாக வரும் வெயில் எல்லாம் சேர்ந்து வீட்டைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும். சுவர் நாற்பது சென்டிமீட்டர் கனம், உள்ளே மரநார் அடைத்தது. "ஹாட்பாக்ஸ்ல வெச்ச இட்லி மாதிரி நம்மள வெச்சிருக்காங்கன்னு சொல்லு" என்று அம்மா முடித்துவிட்டார். 1991இல் டார்ம்ஸ்டாட்டில் முதல் பாசிவ் ஹவுஸுக்கு ஆள் குடிவந்ததிலிருந்து இன்றுவரை கணக்கு இதுதான்: சூடாக்க, சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு 15 யூனிட்டுக்கு மேல் ஆகக்கூடாது.

ஜன்னல்தான் இந்த வீட்டின் அருமை. மூன்றடுக்குக் கண்ணாடி. காலையில் அம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி டம்ளரோடு உட்கார்ந்தவர்தான், பதினோரு மணிவரை எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே ஜன்னலோரம் அகல் ஏற்றினார். மூன்று கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பரப்பு, ஆக ஒன்றன்பின் ஒன்றாக ஆறு சுடர் தெரிந்தது. அதில் இரண்டு மட்டும் கொஞ்சம் நிறம் மாறி இருந்ததை என் ஆறு வயதுப் பையன்தான் கண்டுபிடித்தான். வெப்பத்தைத் திருப்பி உள்ளேயே அனுப்பும் பூச்சு அந்த இரண்டு பரப்பில்தான் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. அம்மாவுக்கு 24 வேண்டும். வெப்பநிலையைக் கூட்டும் திருகியை முழுக்கத் திருப்பியும் மறுநாள் மதியம்தான் 22 ஆனது. 110 சதுர மீட்டர் வீட்டைச் சூடாக்க மொத்தமே ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கிற அளவு சக்திதான் வைத்திருக்கிறார்கள், அது எப்படி அவசரப்படும்? எனக்கோ தலைகீழ்ப் பிரச்சினை. படுக்கையறையும் கூடம் மாதிரியே 21இல் நிற்கிறது. குளிரக் குளிரப் போர்த்திக்கொண்டு தூங்கிப் பழகிவிட்ட எனக்கு முதல் ராத்திரி தூக்கமே இல்லை. காற்றும் காய்ந்து கிடந்தது, உதடு வெடித்துவிட்டது. இரண்டாம் நாள் அம்மா தன் நூல் புடவையை அலசி மாடிப்படிக் கைப்பிடியில் குறுக்கே போட்டார். காலையில் புடவை மொடமொடவென்று இருந்தது, தொண்டை வறட்சியும் கொஞ்சம் தணிந்தது.

சமையலறைக்கு வருகிறேன். அடுப்புக்கு மேலே இருக்கும் சிம்னி புகையை வெளியே தள்ளுவதில்லை. கரி வடிகட்டியில் சுற்றவிட்டு உள்ளேயே விடுகிறது. வெளியே துளை போட்டால் அந்த வழியாகச் சூடு போய்விடுமாம். அம்மா கடுகு, மிளகாய் வற்றல் போட்டுத் தாளித்த மறு நிமிடம் மாடியிலிருந்தவர்கள் உட்பட எல்லோரும் இருமினோம். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: எங்கள் வீட்டு சோபாவில் சாம்பார் வாசனை இரண்டு நாள் தங்கும். இங்கே விடிவதற்குள் போய்விட்டது. பழைய காற்று வெளியே போகும்போது அதன் சூட்டை மட்டும் பிடித்துப் புதுக் காற்றுக்குக் கொடுக்கும் பெட்டி ஒன்று ராப்பகலாக ஓடுகிறது. காதை வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

என் உண்மையான மனத்தாங்கல் வேறு. 'இயற்கையோடு வாழ' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வீட்டுக்குக் கீழேயே ஓடை. ஃபர் மரத்துக் கிளையிலிருந்து பனி பொதேரென்று சரிகிறது, பார்க்கிறோம், சத்தமே இல்லை. "டிவியில சத்தத்த அமுக்கி வெச்ச மாதிரி இருக்குடி" என்றார் அம்மா. பாசிவ் ஹவுஸில் ஜன்னல் திறக்கக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தாராளமாகத் திறக்கலாம், குளிர்காலத்தில் அவசியம் இல்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை நாங்கள் அவசியம் இல்லாமல் திறந்தோம். ஓடை உள்ளே வந்தது, கூடவே ஏதோ ஒரு பறவை. ஐந்து நிமிடம் கழித்து மூடியபோது வெப்பமானி அரை டிகிரிகூட இறங்கியிருக்கவில்லை.

வயதானவர்களோடு குளிர்காலத்தில் தயங்காமல் போகலாம். என்னைப்போல் குளிரில் தூங்கிப் பழகியவர்கள் படுக்கையறை இரண்டில் வடக்குப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் குளிர்ச்சி. மிளகாய் வற்றலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அம்மா இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்.