30 டாலர் ரேடியோவா, ஸ்கேனரா? விமானிகளின் பேச்சைக் கேட்க எது நல்லது

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குத் தெற்கே, மில்பிரே ஊரில், பேஃபிரன்ட் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. விரிகுடா ஓரமாக ஒரு சின்னப் புல்தரை, உட்கார சில பெஞ்சுகள், அவ்வளவுதான். ஆனால் 1 என்று எண் போட்ட இரண்டு ரன்வேக்களும் கண்ணெதிரே தொடங்குகின்றன. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப் போனேன். அரை மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "உள்ள இருக்கிறவங்க என்ன பேசிக்கிறாங்கன்னு நாம கேக்க முடியாதாப்பா?" என்றார்.

கேட்கலாம். எதை வைத்துக் கேட்பது என்பதற்குத்தான் பல பதில்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை நானே கைக்காசு போட்டுப் பார்த்துவிட்டேன்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் விமானப் பேச்சைக் கேட்பதற்குத் தடை இல்லை. 1986-இல் வந்த மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டமே கப்பல், விமான ரேடியோவுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. பிரிட்டனில் கதை வேறு: ஸ்கேனர், அதாவது பல அலைவரிசைகளைத் தானே தாவித் தாவிக் கேட்கும் ரேடியோ, கடையில் கிடைக்கும், ஆனால் உங்களுக்கு வராத பேச்சைக் கேட்பது 2006-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டப்படி குற்றம். இந்தியாவில் இப்படிப்பட்ட கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே சிக்கல். ஆகவே மீனம்பாக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்கள் ஆசைப்பட்டு ஆர்டர் போட்டுவிட வேண்டாம். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்கு.

அடுத்தது, பலரும் விழும் குழி. மலிவு வாக்கி-டாக்கி என்று தேடினால் முதலில் வந்து நிற்பது பாவ்ஃபெங் யூவி-5ஆர். விலை இருபது, இருபத்தைந்து டாலர். அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அந்த விலைக்கு அது நல்ல பொருள்தான். விமானத்துக்கு மட்டும் உதவாது. விமானிகள் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, அதுவும் ஏஎம் முறையில். யூவி-5ஆர் 136-இல்தான் தொடங்குகிறது, அதற்குத் தெரிந்தது எஃப்எம் மட்டும். எந்த மெனுவைத் தோண்டினாலும் அதில் ஏஎம் வராது.

இந்தக் காலத்திலும் ஏன் ஏஎம் என்று அப்பாவும் கேட்டார். எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான குரல் மட்டும் கேட்கும். மற்றவர் பேசினார் என்பதே யாருக்கும் தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதி கீச்சென்று ஒரு சத்தம் வரும். காதுக்கு நாராசம்தான். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் வேறு யாரோ பேச முயன்றார் என்று தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளருக்குப் புரிந்துவிடும், மறுபடி சொல்லச் சொல்வார். உலகம் முழுக்க எல்லா விமானத்திலும் கருவியை மாற்றும் செலவு இன்னொரு காரணம்.

சரி, ஏஎம் தெரிந்த மலிவு ரேடியோ எது? குவான்ஷெங் யூவி-கே5. கிட்டத்தட்ட 30 டாலர். பார்க்க யூவி-5ஆரின் தம்பி மாதிரிதான் இருக்கும், ஆனால் விமான அலைவரிசையை ஏஎம்மில் வாங்கும். யூஎஸ்பி-சி கேபிளிலேயே சார்ஜ் ஆகும். பெட்டியைத் திறந்து 120.5 என்று தட்டினால் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம் பேச ஆரம்பித்துவிடும். இந்த விலைக்கு இது பெரிய விஷயம்.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே இருக்கும் சிப் அடிப்படையில் எஃப்எம் வாக்கி-டாக்கிக்காகச் செய்தது. தொழிற்சாலை மென்பொருளோடு இருக்கும்போது ரன்வே பக்கத்தில் பலமான சிக்னல் வந்தால் குரல் உடைந்து கரகரக்கும். இது இந்த ரேடியோவைப் பற்றி எல்லோரும் அறிந்த குறை. இதைச் சரிசெய்ய ஆர்வலர்கள் இலவச மென்பொருள் எழுதி வைத்திருக்கிறார்கள். புரோகிராமிங் கேபிள் ஒன்று வாங்கி, கணினியில் செருகிப் பத்து நிமிடம் செலவழித்தால் குரல் தெளிவாகிவிடும். கேபிள், மென்பொருள் என்ற பேச்சே தலைவலி என்பவர்கள் அடுத்த பத்திக்கு முன்னாலேயே இந்த ரேடியோவை மறந்துவிடலாம்.

இன்னொன்று, இதில் பேசும் பட்டன் இருக்கிறது. தொழிற்சாலை நிலையில் விமான அலைவரிசையில் இது ஒலிபரப்பாது, ஆனால் மென்பொருளை மாற்றியபின் அந்தப் பூட்டு எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். விமானியின் காதில் நம் வீட்டுக் குழந்தையின் சிரிப்பு விழுந்தால் அது விளையாட்டு ஆகாது. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுப்பதாக இருந்தால், என்னைக் கேட்டால், இது வேண்டாம்.

யூனிடன் பேர்கேட் பிசி125ஏடி நூறு டாலருக்கு மேல் போகும் ஸ்கேனர். இதில் பேசும் பட்டனே கிடையாது, கேட்கும் வேலை மட்டும். 500 சேனல், பத்துப் பெட்டிகளாகப் பிரித்து வைக்கலாம். 225-லிருந்து 380 மெகாஹெர்ட்ஸ் வரையான ராணுவ விமான அலைவரிசையும் வரும். மாஃபெட் ஃபீல்டு விமானத்தளத்தில் இருக்கும் மீட்புப் படைப்பிரிவின் விமானங்கள் பறக்கும் நாட்களில் அதற்குத் தனி ருசி உண்டு. இரண்டு ஏஏ பேட்டரி போட்டால் ஓடும்.

மூன்று மடங்குக்கு மேல் கொடுத்து இதை ஏன் வாங்க வேண்டும்? குரலின் தெளிவுக்காக என்று நினைத்துத்தான் நானும் வாங்கினேன். வாங்கியபின் தெரிந்த காரணம் வேறு.

ஒரு விமானம் ஒரே அலைவரிசையில் இருப்பதில்லை. புறப்படும் முன் வழித்தட அனுமதி வாங்குவது 118.2-இல். பயணிகள் ஏறிய வாயிலிலிருந்து நகர்ந்து, ரன்வேக்குப் போகும் பாதையான டாக்ஸிவேயில் உருளும்போது கிரவுண்ட் என்ற தரைக் கட்டுப்பாடு, 121.8. ரன்வே வாசலில் கோபுரம், 120.5. சக்கரம் மேலே போனதும் "காண்டாக்ட் டிபார்ச்சர்" என்று சொல்லி, நார்கால் என்ற வட கலிபோர்னியா கட்டுப்பாட்டு மையத்திடம் ஒப்படைத்துவிடுவார்கள். பேச்சு ஒரு வீட்டில் அறை அறையாக நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அலைவரிசையில் உட்கார்ந்திருந்தால் ஒரு அறைக்குள் வந்து போகிறவர்களை மட்டும் பார்ப்பீர்கள்.

அப்பா ஊருக்குத் திரும்பிய இரவு இதை நன்றாக உணர்ந்தேன். அவரை உள்ளே அனுப்பிவிட்டு, காரில் உட்கார்ந்து ஸ்கேனரைப் போட்டேன். சிங்கப்பூர் விமானம். வழித்தட அனுமதியை விமானி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து கிரவுண்டில் அதே குரல். இடையில் ஒரு யுனைடெட், ஒரு அலாஸ்கா, பெயரே புரியாத ஒரு சரக்கு விமானம். அப்புறம் கோபுரம், காற்றின் வேகம், புறப்படலாம். ஸ்கேனர் தானே தாவித் தாவி அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே வந்தது. நான் ஒரு பட்டனைத் தொடவில்லை. யூவி-கே5-இல் இரண்டு அலைவரிசைகளை மாற்றி மாற்றிப் பார்க்க வைக்கலாம், சேனல்களை ஸ்கேன் செய்யவும் வைக்கலாம். ஆனால் அது தாவும் வேகத்தில் சின்ன பதில்களில் பாதி கை நழுவிவிடும். "ரோஜர்" என்று சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

ஆகவே பூங்காவில் நின்று, தரையிறங்கும் விமானத்தையும் கோபுரத்தையும் மட்டும் கேட்பது என்றால் 30 டாலர் ரேடியோ தாராளமாகப் போதும். ஒரு விமானத்தை விடாமல் பின்தொடர ஆசை வந்தால் ஸ்கேனர்தான்.

எக்ஸ்எச்டேட்டா டி-808 போன்ற சிற்றலை ரேடியோக்களையும் சிலர் சொல்வார்கள். விலை ஸ்கேனருக்குக் கொஞ்சம் கீழே. விமான அலைவரிசை இருக்கிறது, ஏஎம்மில் சுத்தமாகவே வாங்கும். தாவுவதில் ஸ்கேனரோடு போட்டி போட முடியாது. ஆனால் இதில் மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று உண்டு: சிற்றலையில் எஸ்எஸ்பி என்ற முறையில் வரும் பேச்சையும் இது வாங்கும். பசிபிக் கடல் மேலே போகும் விமானம் கரையிலிருந்து தூரமாகிவிட்டால் சாதாரண விமான ரேடியோ எட்டாது. அப்போது சிற்றலையில் 'சான் பிரான்சிஸ்கோ ரேடியோ' என்ற நிலையத்தைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறோம் என்று சொல்வார்கள். இரைச்சலுக்குள் ஏதோ கிணற்றடியிலிருந்து பேசுவது மாதிரி வரும். நடுவில் ஆர்மோனியத்தில் இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தியதுபோல ஒரு ஒலி கேட்கும்; அது செல்கால், அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் அடிக்கும் அழைப்பு மணி. விமானிகள் நாள் முழுக்க இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்று செய்த ஏற்பாடு. ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு இந்த ரேடியோவைச் சிபாரிசு செய்வேன்.

இனி வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்கள். நான் ஃபிரீமான்ட்டில், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன். அங்கே எந்தக் கைரேடியோவை வைத்தாலும் பாதிப் பேச்சுதான் கிடைக்கும். இந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. 30,000 அடியில் பறக்கும் விமானத்தின் குரல் 200 கடல் மைல் தாண்டியும் வரும். தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளரின் பதில் நாலு கட்டடம் தாண்டி வராது. கேள்வி இல்லாத பதிலாகவே கேட்டுக்கொண்டிருப்பீர்கள், பக்கத்து வீட்டில் யாரோ போன் பேசுவது மாதிரி. விலை கூடிய கருவி வாங்கினாலும் இது மாறாது. இடம்தான் மாற வேண்டும்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற 30, 40 டாலர் யூஎஸ்பி துண்டும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் அது கணினித் திரையில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அகலமான ஒரு துண்டு அலைவரிசையை ஒரே பார்வையில் காட்டும். யார் எங்கே பேசுகிறார்கள் என்பது கோடு கோடாக வந்து விழும். 1090 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் விமானங்கள் அனுப்பும் இருப்பிடத் தகவலையும் வாங்கி வரைபடத்தில் போடலாம். கையில் எடுத்துப் போகிற பொருள் இல்லை, மேசைக்கு ஏற்றது.

பணமே செலவழிக்க வேண்டாம் என்றால் லைவ்ஏடிசி என்ற இணையதளம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோ வைத்திருக்கும் தன்னார்வலர்கள் அந்த ஒலியை இணையத்தில் விடுகிறார்கள், நாம் கைபேசியில் கேட்கலாம். இரண்டு பக்கப் பேச்சும் முழுசாக வரும். பூங்காவில் மட்டும் இது எரிச்சல்: ஒலி தாமதமாக வருவதால், விமானம் இறங்கி ஓடி முடித்தபின்தான் இறங்க அனுமதி கொடுக்கும் குரல் காதில் விழும்.

அதன் பலம் பழைய பதிவுகளில். 2017 ஜூலை 7-ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் நேரம். டொரன்டோவிலிருந்து வந்த ஏர் கனடா ஏ320 இதே விமான நிலையத்தில், இணையாக ஓடும் இரண்டு ரன்வேக்களில் வலது பக்கத்து 28ஆரில் இறங்க வேண்டும். இடது பக்கத்து 28எல் அன்று வேலைக்காக மூடி, விளக்கு அணைத்திருந்தது. விமானிகள் 28ஆரையே 28எல் என்று நினைத்து, அதற்கு அடுத்த டாக்ஸிவேயை 28ஆர் என்று எண்ணி அதை நோக்கி வந்தார்கள். அங்கே நாலு விமானங்கள் புறப்பட வரிசையில் நின்றிருந்தன. ரன்வேயில் விளக்குகள் தெரிகிறதே என்று ஏர் கனடா கேட்க, 28ஆரில் உங்களைத் தவிர யாரும் இல்லை என்று கோபுரம் சொன்னது. கோபுரம் சொன்னது உண்மைதான். வரிசையில் நின்ற யுனைடெட் விமானி ஒருவர், இந்த ஆள் எங்கே போகிறான், டாக்ஸிவேக்கு மேல் இருக்கிறான் என்று ரேடியோவில் சொன்னார். மறுபடி மேலே ஏற ஆரம்பித்தபோது அது இறங்கியிருந்த உயரம் சுமார் 60 அடி. விமானி அறைக் குரல் பதிவின் மேல் அடுத்த பயணத்தில் புதுப் பதிவு ஏறிவிட்டது. விசாரணை அதிகாரிகளுக்கு அந்த அறையின் பேச்சு கிடைக்கவில்லை, ரேடியோவில் பேசியது மட்டும் மிஞ்சியது.

அந்தப் பதிவைக் கேட்டபின் நான் அலைவரிசைகளை எழுதி வைக்கும் பழக்கத்துக்கு வந்தேன். அவை மாறவும் செய்யும். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ 56 நாளுக்கு ஒருமுறை வெளியிடும் சார்ட் சப்ளிமென்ட் என்ற விமான நிலைய விவரக் கையேட்டை இலவசமாகவே பார்க்கலாம். புதிதாகக் கேட்பவர்கள் 118.85-இல் தொடங்குங்கள். அது ஏடிஸ், காற்று, மேகம், எந்த ரன்வே என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பதிவு. ரேடியோ வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. அப்புறம் 'ஸ்பீட்பேர்ட்' என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ், 'டைனஸ்டி' என்றால் சைனா ஏர்லைன்ஸ் என்பதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

கடைசியாக ஆன்டெனா. வாக்கி-டாக்கியோடு வரும் குட்டை ஆன்டெனா விமான அலைவரிசைக்காக வெட்டியது இல்லை. 125 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.4 மீட்டர், அதில் கால் பங்கு 60 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு இழுக்கக்கூடிய ஆன்டெனா ஒன்று பத்துப் பதினைந்து டாலரில் கிடைக்கும். நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்து வேறு ரேடியோ வாங்குவதைவிட இது அதிகப் பலன் தரும். வாங்கும்போது முனையைப் பாருங்கள். பிசி125ஏடியில் பிஎன்சி, திருகி மாட்டுவது. யூவி-கே5-இல் எஸ்எம்ஏ, அதிலும் ரேடியோ பக்கம் ஊசி இருக்கும், ஆன்டெனா பக்கம் துளை வேண்டும். நான் இதை மாற்றி வாங்கி, இரண்டு வாரம் காத்திருந்து வந்ததை மாட்ட முடியாமல் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கிறது.