பெயர் தெரியாத வேட்பாளரை எங்கிருந்து தேடத் தொடங்குவது: பிரமாணப் பத்திரமா, மைநேதாவா, இ-கோர்ட்ஸா?

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நின்ற ஒரு சுயேச்சை வேட்பாளர் மீது மோசடி வழக்கு இருப்பதாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். வழக்கு இருந்தது உண்மைதான், ஆனால் அவர் மீது இல்லை. அதே பெயர், அதே மாவட்டம், வேறு ஆள். மறுநாள் அவருடைய பிரமாணப் பத்திரத்தை (வேட்பாளர் தன் வழக்கு, சொத்து விவரங்களை எழுதி மனுவோடு கொடுக்கும் உறுதிமொழி) திறந்து, வழக்கின் உத்தரவு நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சித்தப்பா அதற்குள் முதல் செய்தியை வேறு இரண்டு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார். "அனுப்புனதை எப்படிடா திரும்ப வாங்குறது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. முகம் தெரியாத ஒரு மனிதருக்கு நான் செய்த அநியாயம் அது.

2024 மக்களவைத் தேர்தலின்போது வேறு வரிசையில் தேடினேன். முதலில் பிரமாணப் பத்திரம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இப்போதும் யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய கட்சி வேட்பாளர்களைப் பற்றி நாம் தேடவே வேண்டாம். பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் அந்த வேலையைச் செய்துவிடும். சிக்கல் மீதிப் பேரிடம்தான். கரூரில் 2021 சட்டமன்றத் தேர்தலில் 77 பேர் நின்றார்கள்; 2024-இல் கரூர் மக்களவைத் தொகுதியில் 54 பேர். பத்து முன்மொழிபவர்களும் டெபாசிட் தொகையும் இருந்தால் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்யலாம். இவர்களில் ஊருக்காக உண்மையாகவே உழைப்பவர் உண்டு, வாக்கைப் பிரிப்பதற்கென்றே நிறுத்தப்பட்டவரும் உண்டு. வாக்குப்பதிவு இயந்திரத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு இடம்தான். யார் எவர் என்று அறிய நமக்குக் கிடைக்கும் அவகாசமும் குறைவு. 2021-இல் மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 22, வாக்குப்பதிவு ஏப்ரல் 6. இடையில் இரண்டே வாரம்.

முகநூலையும் வாட்ஸ்அப்பையும் நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அங்கே கிடைப்பது வேட்பாளர் சொல்ல விரும்புவது அல்லது அவருக்கு வேண்டாதவர் சொல்ல விரும்புவது. குற்ற வழக்கு இருப்பவர் அதைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்த வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த விளம்பரம் எந்த நாள், எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடிப் பிடிப்பதைவிட மூலப் பத்திரத்தைத் திறப்பது சுலபம்.

மைநேதா

வேட்பாளர்களின் பிரமாணப் பத்திர விவரங்களைத் தொகுத்துத் தரும் தளம் இது. நடத்துவது ஏ.டி.ஆர். (ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம்) என்ற அமைப்பு. அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999-இல் தொடங்கிய அமைப்பு. வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு விவரங்களை வாக்காளர் அறிய வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இவர்கள் தொடுத்த வழக்கில்தான். இன்று நாம் பிரமாணப் பத்திரத்தைப் படிக்க முடிகிறது என்றால் அதில் இவர்களுக்குப் பெரிய பங்குண்டு.

தொகுதி முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க மைநேதாவுக்கு ஈடு கிடையாது. யாருக்கு எத்தனை வழக்கு, எவ்வளவு சொத்து, எவ்வளவு கடன் என்று ஒரே அட்டவணை. ஒருவர் முன்பும் நின்றிருந்தால் அப்போதைய சொத்தையும் இப்போதையதையும் ஒப்பிட்டுக் காட்டும். முப்பது பேரில் யாரை ஆழமாகப் பார்ப்பது என்று முடிவெடுக்க நான் இன்றும் இதைத்தான் திறக்கிறேன்.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அதில் இருப்பது பத்திரத்தைப் படித்துத் தட்டச்சு செய்த ஆங்கிலப் பிரதி. வேறுபாடு இருந்தால் மூலப் பத்திரத்தையே நம்ப வேண்டும் என்று அந்தத் தளமே சொல்கிறது. கையால் எழுதி, மங்கலாக ஸ்கேன் செய்த பத்திரம் என்றால் அலசலில் விடுபட்டுப்போகவும் கூடும். நமக்கு வேண்டிய சிறு வேட்பாளர்களின் பத்திரங்கள்தான் பெரும்பாலும் அப்படி இருக்கின்றன.

இன்னொன்று, முகப்பு அட்டவணையில் வழக்குகள் வெறும் எண்ணிக்கையாகத் தெரிகின்றன. சாலை மறியலும் ஒன்று, கொலை முயற்சியும் ஒன்று. உள்ளே போனால் சட்டப்பிரிவு வரை இருக்கிறது. ஆனால் முகப்பைப் படம்பிடித்துப் பகிர்பவர்கள் உள்ளே போவதில்லை.

இ-கோர்ட்ஸ்

நீதிமன்ற வழக்குகளின் விவரங்களைத் தேடிப் பார்க்க உதவும் அரசுத் தளம். 2021-இல் நான் தவறிய இடம் இது. தளத்தின் மேல் குறை இல்லை, நான் அதைப் பயன்படுத்திய முறைதான் தப்பு. மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, ஆண்டும் பெயரும் கொடுத்தால் பட்டியல் வரும். பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். செந்தில்குமார் ஓரிடத்தில் ஒரே சொல், இன்னோரிடத்தில் இரண்டு சொல். இனிஷியல் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். முருகேசனுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டு என்று நினைத்துப் பாருங்கள். தேடியும் வரவில்லை என்றால் வழக்கு இல்லை என்று பொருள் இல்லை. வந்துவிட்டால் அது இவர்தான் என்றும் பொருள் இல்லை.

தமிழ்நாட்டில் ஒரே பெயர் என்பது அபூர்வமும் அல்ல. 2024-இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே தொகுதியில் ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரில் மேலும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். ஒரே தொகுதியின் வேட்பாளர் பட்டியலிலேயே இப்படி என்றால், ஒரு மாவட்டத்தின் நீதிமன்றப் பதிவுகளில் எத்தனை பேர் இருப்பார்கள்!

பிரமாணப் பத்திரம்

படிவம் 26 என்று சொல்வார்கள். மனுத் தாக்கலின்போது முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முன்பு உறுதிமொழி எடுத்துக் கொடுப்பது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தேர்தல், மாநிலம், தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கேன் பிரதி கிடைக்கும்.

படிக்கச் சிரமம்தான். நான் 2024-இல் படித்த ஒன்றில் நோட்டரியின் ஊதா முத்திரை நேராகச் சர்வே எண்ணின் மேல் விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் 2பி-யா 2டி-யா என்று கண்டுபிடித்தேன். பக்கம் பக்கமாக நீல மையில் 'இல்லை', 'இல்லை' என்றே இருக்கும். அந்த 'இல்லை'க்கும் ஒரு வரலாறு உண்டு. கட்டங்களைக் காலியாக விடக் கூடாது, நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் இன்று 'இல்லை' என்பது கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு வாக்குமூலம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது இதுதான்: இந்தப் பத்திரம் நமக்கு எண்களைக் கொடுக்கிறது. மற்ற இடங்களில் பெயரை வைத்துத் தேடுகிறோம், பெயர் நழுவும். எண் நழுவாது. தகப்பனார் பெயர், வயது, முகவரி, வாக்காளர் பட்டியலில் எந்தப் பாகம், எந்த வரிசை எண், குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். எண்), காவல் நிலையம், வழக்கு எண், நீதிமன்றம், நிலத்தின் சர்வே எண் எல்லாம் வேட்பாளரே எழுதிக் கொடுத்தவை. ஒவ்வொன்றும் வேறொரு அரசுப் பதிவேட்டின் கதவைத் திறக்கும்.

ஓர் உதாரணம். 2024-இல் எங்கள் பக்கம் வாக்குக் கேட்டு வந்த ஒரு சுயேச்சையைப் பற்றி அதே சித்தப்பா கேட்டார். "கேஸ் இருக்குன்னு சொல்றாங்க, என்ன ஏதுன்னு பாரேன்." இந்த முறை பத்திரத்தைத் திறந்தேன். ஒரு வழக்கு. குற்ற எண்ணும் காவல் நிலையமும் இருந்தன. அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள் 143, 188, 341. சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது, வழிமறித்தது. சுருக்க விவரத்தில் குடிநீர் கேட்டுச் சாலை மறியல் என்று இருந்தது. இ-கோர்ட்ஸில் பெயருக்குப் பதிலாகக் காவல் நிலையமும் எஃப்.ஐ.ஆர். எண்ணும் ஆண்டும் கொடுத்துத் தேடும் வசதி உண்டு. அப்படித் தேடியதும் ஒரே ஒரு வழக்குத்தான் வந்தது, பிரிவுகளும் ஒத்துப்போயின. பத்து நிமிட வேலை. அந்த மறியல் நடந்த நாள் சித்தப்பாவுக்கே நினைவிருந்தது, அன்று அவர் பஸ் திரும்பிப் போனது.

அடுத்து நிலம். ஓர் ஏக்கருக்குச் சற்று மேல் புஞ்சை. தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் பட்டா யார் பெயரில் என்று தெரியும். பதிவுத்துறைத் தளத்தில் அதே எண்ணுக்கு வில்லங்கம் பார்க்கலாம், வழிகாட்டி மதிப்பும் (பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் நில மதிப்பு) பார்க்கலாம். பத்திரத்தில் எழுதிய 'தோராயச் சந்தை மதிப்பு' வழிகாட்டி மதிப்பைவிடவும் குறைவாக இருந்தால் கேள்வி கேட்கலாம். இவர் எழுதியது சற்று அதிகமாகவே இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பாக எண்தான். இவர் 2021-இலும் நின்றவர். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்று சொல்லும் படிவம் 20, தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் இருக்கிறது. அவர் வாக்காளராக இருக்கும் பாகத்தின் சாவடியைத் தேடிப் பார்த்தேன். தொகுதி முழுக்கச் சேர்த்து எழுநூறு சொச்சம் வாக்கு. அதில் நூற்றுக்கும் மேல் அந்த ஒரே சாவடியில். தினமும் பார்க்கும் சனம் அவரை நம்பியிருக்கிறது. வேறொருவருக்குச் சொந்தச் சாவடியில் மூன்றே வாக்கு. இதை வைத்தே ஆளை எடைபோட்டுவிட முடியாது; சாவடிகளைப் பிரித்தும் சேர்த்தும் எண்கள் மாறுவதும் உண்டு, அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் எந்தப் பிரசாரத் துண்டறிக்கையும் தராத செய்தி இது.

சரி, பத்திரத்தின் பலவீனமும் பெரியதுதான். அது வேட்பாளர் தானே சொன்னது. தேர்தல் நடத்தும் அலுவலர் நிரப்பியிருக்கிறதா என்று பார்ப்பாரே தவிர, உண்மையா என்று விசாரித்துச் சரிபார்ப்பதில்லை. பொய்யாக எழுதினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறைத்த வழக்குக்கும் மறைத்த நிலத்துக்கும் பத்திரத்தில் எண் இருக்காது. அங்கே மறுபடி பெயர்த் தேடல்தான் வழி. ஆனால் இப்போது கையில் தகப்பனார் பெயரும் வயதும் ஊரும் இருப்பதால், வந்த வழக்கு இவருடையதா என்று ஒத்துப்பார்க்க முடியும். 2021-இல் நான் செய்யத் தவறியது அதைத்தான். உத்தரவு நகலில் 'த/பெ' என்று பார்த்து இரண்டும் பொருந்தாதவரை இப்போது யாரிடமும் வாய் திறப்பதில்லை.

பத்திரத்தில் தொலைபேசி எண், குடும்பத்தாரின் வருமானம் எல்லாம் இருக்கும். நாம் முடிவெடுக்கப் படிக்கிறோம். அதைப் படம்பிடித்துக் குழுக்களில் போட வேண்டாம்.

உள்ளாட்சியில் என் அனுபவம் குறைவு. 2022 பிப்ரவரி 19-இல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஒரு வார்டுக்கு மட்டும்தான் முயன்றேன். அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்பதால் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எதுவும் கிடைக்காது. இதை அறியாமலே ஒரு சாயங்காலம் முழுக்க அங்கே தேடினேன். கடைசியில் உதவியது தெருமுனை மளிகைக்கடை அக்காதான். நின்ற நான்கு பேரில் யார் சாக்கடை அடைத்தால் வந்து நிற்பார், யார் தேர்தலுக்கு மட்டும் வருவார் என்று வரிசையாகச் சொன்னார். ஒரு வார்டு அளவில் அக்கா சொன்னதை நம்பித்தான் வாக்களித்தேன். சட்டமன்றத் தொகுதிக்கு அப்படி ஓர் அக்காவைத் தேட முடியாது என்பதால்தான் அந்தக் கோணல் மாணலான ஸ்கேன் பக்கங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன்.