திருப்பூரில் மெர்ச்சண்டைசர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பு: தாராளமாகச் சேரலாம், ஒரே ஒரு குறை

அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் ஞாயிறு காலையில் நடக்கிற வகுப்பு இது. பனியன் கம்பெனிகளில் உட்கார்ந்து பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனிக்கு, மெயில் எழுதுகிறவர்களுக்கென்றே நடத்துகிறார்கள். கிராமர் புத்தகம் கிடையாது, வாரம் ஒரு வார்த்தைக் குடும்பத்தை எடுத்து அதன் வேரிலிருந்து சொல்லித் தருகிறார் சார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சுட்டிக்காட்டும் வார்த்தைகளை எடுத்த வகுப்பு. இன்டிகேட், பாயின்ட் அவுட், டினோட், டெமான்ஸ்ட்ரேட் எல்லாம் நம் மெயிலில் தினமும் ஓடுகிறவைதான், ஆனால் எல்லாம் ஒன்றுதானே என்று கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். லத்தீனில் இன்டெக்ஸ் என்றால் ஆள்காட்டி விரல், காட்டிக்கொடுக்கிறவனுக்கும் அதே பெயர்தானாம். அதிலிருந்து வந்ததுதான் இன்டிகேட், பைக்கில் மினுக்குகிற இன்டிகேட்டரும் அதுதான். அதற்கும் பின்னால் போனால் 'காட்டு' என்று பொருள்படும் ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேர், 'டெய்க்' என்கிறார்கள். டீச் என்ற வார்த்தை அந்த வேரிலிருந்து வந்தது, டோக்கனும் அப்படியே. சமஸ்கிருதத்தில் அதே வேர் 'திஶ்' ஆகி, அங்கிருந்து நம்மிடம் திசையாக வந்திருக்கிறது. இதைக் கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பாயின்ட் வேறு குடும்பம். லத்தீனில் குத்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது, பஞ்சரும் பங்ச்சுவலும் அதன் சொந்தக்காரர்கள். "பாயின்ட் அவுட்னு எழுதறப்ப கொஞ்சம் பாத்து எழுதோணுமுங்க, அதுல ஒரு குத்து இருக்குது" என்றார். துணியின் ஷேட் (நிறச் சாயல்) மாறியிருக்கிறது என்று பையர் சொன்னதற்குப் பதில் எழுதும்போது அவர் மெயிலில் 'இன்டிகேட்' செய்தபடி என்று போட்டால் வெறும் தகவல். அவர் டெக் பேக்கில், அதாவது உடுப்பின் அளவும் விவரமும் எழுதி அனுப்புகிற தாளில், விட்ட தப்பை நாம் 'பாயின்ட் அவுட்' செய்கிறோம் என்று எழுதினால் குறை சொல்கிற தொனி வந்துவிடும், அதனால் முன்னால் ஒரு மென்மையான வரி போடச் சொன்னார். எனக்கு இதுதான் வேலைக்கு உடனே உதவியது.

டினோட், லத்தீனில் அடையாளக் குறியைச் சொல்லும் 'நோட்டா'விலிருந்து வந்தது, அதனால் சைஸ் சார்ட்டில் எழுத்துக்கும் குறிக்கும் பொருள் சொல்லும்போது பொருந்தும். டெமான்ஸ்ட்ரேட் மான்ஸ்டருக்கு உறவு, மான்ஸ்டர் முதலில் தெய்வம் அனுப்பும் எச்சரிக்கை, சகுனம்.

அப்புறம் இன்டென்ட், அதாவது இந்தச் சரக்கு இவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கேட்கிற சீட்டு. நூலுக்கும் அக்சஸரீஸுக்கும் இன்டென்ட் போடாத நாள் ஏது, பார்க்க இன்டிகேட்டின் தம்பி மாதிரியே இருக்கும், ஆனால் உறவே இல்லை. அது பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி நடுவில் பல் பல்லாக வெட்டி ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்வார்களாம், இரண்டும் பொருந்தினால் உண்மையான பத்திரம். ஒலியை வைத்து உறவு கட்டக் கூடாது என்பதைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் திருப்பூர்க்காரனுக்குக் கிடைக்காது. தெரிந்ததையெல்லாம் ஒரே குடும்பத்தில் அடைக்காமல் இப்படிப் பிரித்துச் சொல்கிறார், அதற்காகவே அவர்மேல் எனக்கு நம்பிக்கை.

குறை என்றால் எழுத்துப் பயிற்சி போதாது. வேர் தெரிந்தால் வார்த்தை மனதில் நிற்கும், சரி, ஆனால் இன்று அதை எங்கே போடுவார்கள் என்பது நாலு மெயில் எழுதித் திருத்தி வாங்கினால்தான் வரும். கடைசியில் கொஞ்ச நேரம் மட்டும் எழுத விடுகிறார்கள், எல்லோருடையதையும் பார்த்துத் திருத்த முடிவதில்லை. பாதி நேரமாவது எழுத விட வேண்டும், சாரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். கொடுக்கிற ஜெராக்ஸும் மங்கல், நோட்டு கொண்டு போங்கள்.

ஏற்கனவே மெயில் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இது. இங்கிலீஷ் இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பவர்கள் முதலில் வேறு வகுப்பு பாருங்கள். வண்டி நிறுத்தக் கீழே இடம் குறைவு. ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த பேட்ச்சில் அதே வகுப்பில் உட்காரலாம், அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை.