கீமோ முதலிலா, ஆபரேஷன் முதலிலா: என் ஓட்டு கீமோவுக்கு

எனக்கு வந்தது ட்ரிப்பிள் நெகட்டிவ் மார்பகப் புற்று; அதாவது, இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் இல்லாத, ஹெர்2 என்ற புரதமும் மிகையாக இல்லாத வகை. கட்டி 2 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது; அக்குளில் எதுவும் தட்டுப்படவில்லை. எந்த வழியில் போகலாம் என்று டாக்டர் என்னையும் கேட்டார், கீமோ முதலில் என்றேன். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

உயிர் பிழைக்கும் வாய்ப்பு எதில் கூடுதல் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதே மருந்தை முன்னால் ஏற்றினாலும் பின்னால் ஏற்றினாலும் அதில் வித்தியாசம் இல்லை. 10 ஆய்வுகளின் 4,756 பெண்களைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியான அலசலும் இதைத்தான் சொன்னது. முடி கொட்டுவதும் குமட்டலும் இரண்டிலும் உண்டு. கட்டி சுருங்கினால் மார்பகத்தை முழுதாக எடுக்காமல் தப்பிக்கலாம் என்பது தெரிந்த கதை.

அப்புறம் எதற்கு கீமோ முதலில்? ஆபரேஷனுக்குப் பிறகு, வெட்டி எடுத்த திசுவைச் சோதித்துத் தரும் பேத்தாலஜி ரிப்போர்ட்டுக்காக.

கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால், பிறகு ஏற்றும் கீமோ வேலை செய்கிறதா என்று பார்க்க எதுவும் மிஞ்சாது. நம்பிக்கையில்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். கட்டி உள்ளே இருந்தால் அதுவே சாட்சி. குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்ட முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒருநாள் தேடினாலும் அகப்படவில்லை. ஆனால் விரல் சொல்வதை நம்பக் கூடாது. நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். மார்பகத்திலும் அக்குள் நெறியிலும் (நிணநீர் முடிச்சு) ஊடுருவும் புற்று மிச்சமில்லை என்று ரிப்போர்ட் வந்தால், நோய் திரும்பும் அபாயம் நன்றாகக் குறைவு.

மிச்சம் இருந்தாலும் கதை முடிவதில்லை, மருந்தைக் கூட்டலாம் அல்லது மாற்றலாம். 2017-இல் வந்த கிரியேட்-எக்ஸ் ஆய்வில், மிச்சம் இருந்த ட்ரிப்பிள் நெகட்டிவ் பெண்களுக்கு கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை கொடுத்தார்கள். 5 ஆண்டுகளில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை இல்லாத குழுவில் 56.1 சதவீதம், மாத்திரை எடுத்த குழுவில் 69.8. ஹெர்2 மிகையாக உள்ள ஹெர்2 பாசிட்டிவ் வகைக்கு கேத்தரின் ஆய்வு: அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாபுக்குப் பதிலாக, அதனோடு கீமோ மருந்தை இணைத்த டி-டிஎம்1 கொடுத்தபோது, 3 ஆண்டுகளில் இதே கணக்கு 77-க்குப் பதில் 88.3 சதவீதமாக இருந்தது. ஆபரேஷன் முதலில் என்று போனவருக்கு, இந்தக் கூடுதல் மருந்து தேவையா என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான். ட்ரிப்பிள் நெகட்டிவுக்கான பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபியையும் (உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து) கீநோட்-522 ஆய்வு ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கித்தான் சோதித்தது.

கீமோ முதலில் என்பதில் குறையும் இருக்கிறது. அதே 2018 அலசலில், 15 ஆண்டுகளில் அதே மார்பகப் பகுதியில் நோய் திரும்பியது முன்கீமோக்காரர்களில் 21.4 சதவீதம், மற்றவர்களில் 15.9. அவை பழைய மருந்துகளின் காலத்து ஆய்வுகள், சிலவற்றில் கட்டி மறைந்தவர்களுக்கு ஆபரேஷனே செய்யவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் எண் எண்தானே. கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால் சர்ஜன் எதைத் தேடி வெட்டுவார்? அதற்காகத்தான் எள்ளளவு உலோகக் கிளிப் ஒன்றை முன்கூட்டியே கட்டிக்குள் வைக்கிறார்கள். அது வைத்தாயிற்றா என்று முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அபூர்வமாக, கீமோ நடக்கும்போதே கட்டி வளர்வதும் உண்டு. அப்போது மருந்தை மாற்றுவார்கள், இல்லையென்றால் உடனே ஆபரேஷன்.

சின்னக் கட்டிக்கு நான் இவ்வளவு வாதாட மாட்டேன். 2 சென்டிமீட்டருக்குள், நெறி சுத்தமாக உள்ள ஹெர்2 பாசிட்டிவ் என்றால் ஆபரேஷனை முதலில் முடித்து, 12 வாரம் பேக்லிடாக்சல் என்ற கீமோ, ஓராண்டு ட்ராஸ்டுசுமாப் என்று லேசான சிகிச்சையே பலருக்குப் போதுகிறது. முதலில் கீமோ ஏற்றிவிட்டால் கட்டியின் நிஜ அளவு தெரியாமல் போய், தேவைக்கு மேல் மருந்து ஏறலாம். ஹெர்2 பற்றிச் சொன்னதெல்லாம் படித்ததும் டாக்டர் சொன்னதும்தான், நான் பட்டறிந்ததில்லை.