பெரிய இதழில் வந்த கட்டுரை என்று நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்

சிங்கப்பூரில் முதுகலை, முனைவர் பட்டம் படிக்கும் நம் பிள்ளைகளும் ஆய்வுக்கூடங்களில் வேலை பார்ப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பேர்பெற்ற ஆய்விதழில் வந்தது, பலர் மேற்கோள் காட்டியது என்பதற்காக மட்டும் ஒரு கட்டுரையின் மேல் உங்கள் ஆய்வைக் கட்டாதீர்கள். கோளாறு தெரியவந்தால் இதழே சரிசெய்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். எங்களுக்கு நடந்தது இதுதான்.

நான் ஒன்-நார்த் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களை வைத்து வேலை செய்கிறேன். ஒரு புரதத்தை அடக்கினால் இன்னொரு புரதமும் கூடவே குறைந்துவிடும் என்று ஒரு கட்டுரை சொன்னது. எங்கள் திட்டத்தின் முதல் படியே அதுதான். குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒரு குப்பி ஐந்நூறு, அறுநூறு வெள்ளி. செல்களை வளர்த்து, புரதத்தைப் பிரித்தெடுத்து, புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கரும்பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் ப்ளாட் சோதனையை ஓட்டிப் பார்த்தால் இரண்டாவது புரதம் குறையவே இல்லை. ஆன்டிபாடியை வேறு கம்பெனியில் வாங்கினோம். செல்களைப் புதிதாக வரவழைத்தோம். ஒரு முதுகலை மாணவியின் ஆய்வேடு முழுக்க இதையே நம்பி இருந்தது. அவளுக்குக் கெடு நெருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் கண்டுபிடித்தது பாலிடெக்னிக்கில் இருந்து பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி. கட்டுரையின் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன், “அக்கா, இந்தத் தூசி அங்கேயும் இருக்கு, பாருங்க” என்றான். இரண்டாம் படத்தில் மூன்றாவது பட்டைக்குக் கீழே, இடப்பக்கம், கடுகளவு ஒரு கரும்புள்ளி. பட்டையின் வலது ஓரம் எலி கடித்ததுபோல் கொஞ்சம் பிய்ந்திருந்தது. ஐந்தாம் படத்தில் வேறொரு புரதத்தின் பெயருக்கு நேரே அதே பட்டை, இடவலம் மாறி நின்றது. புள்ளி இப்போது வலப்பக்கம், பிய்ந்த ஓரம் இடப்பக்கம். ஒன்றைத் திருப்பி மற்றதன் மேல் வைத்தோம். அச்சு அசலாகப் பொருந்தியது.

எங்கள் பேராசிரியரின் ஒப்புதலோடு இதழுக்கு எழுதினேன். யார் மேலும் குற்றம் சாட்டவில்லை. படங்களை அருகருகே வைத்து, எது எதோடு பொருந்துகிறது என்று மட்டும் காட்டியிருந்தேன். கிடைத்தது கணினி தானாக அனுப்பும் பதில். மாதக்கணக்கில் வேறு சத்தமே இல்லை. நினைவூட்டியதும், கட்டுரையை எழுதியவர்களிடமே விளக்கம் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். அப்புறம் ஒரு நாள் திருத்தக் குறிப்பு ஒன்று வெளிவந்தது. படங்களை அடுக்கும்போது தவறு நேர்ந்துவிட்டதாம், மூலப் படங்கள் பழைய கணினியோடு போய்விட்டனவாம், அதே காலத்தில் செய்த இன்னொரு சோதனையின் படத்தைப் போட்டிருக்கிறார்களாம், முடிவுகளில் எந்த மாற்றமும் இல்லையாம். மூலப் படம் தொலைந்தபோது அதே காலத்துப் படம் மட்டும் எப்படி மிஞ்சியது என்று கேட்டேன். இந்த விவகாரம் முடிந்துவிட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நாங்கள் பட்ட செலவைப் பற்றியும், எங்களுக்கு ஏன் அந்த முடிவு கிடைக்கவில்லை என்பது பற்றியும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது ஏன் இப்படி நடக்கிறது என்று அதன்பிறகு நிறைய படித்தேன். பல இதழ்கள் பின்பற்றுவது, 1997இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘கோப்’ என்ற பதிப்பு நெறிமுறைக் குழுவின் வழிகாட்டுதலை. முதலில் எழுதியவர்களிடம் விளக்கம் கேட்க வேண்டும், திருப்தி இல்லையென்றால் அவர்களுடைய பல்கலைக்கழகத்திடம் விசாரிக்கச் சொல்ல வேண்டும் என்பது அதன் போக்கு. இன்னொருவர் ஆய்வுக்கூடத்துக்குள் போய் நோட்டுப்புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க இதழுக்கு அதிகாரம் கிடையாது, அது நியாயம்தான். ஆனால் பல்கலைக்கழகம் விசாரிக்க வேண்டியது தன் சொந்தப் பேராசிரியரை. பந்து இரண்டு பக்கமும் உருண்டுகொண்டே இருக்கும். அதற்குள் அந்தக் கட்டுரையை நம்பி இன்னும் எத்தனையோ பேர் பணத்தைப் போட்டிருப்பார்கள்.

மனம் வைத்தால் இதழ்களால் வேகமாகச் செய்ய முடியும் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. கொரோனா காலத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைப் பற்றி ‘தி லான்செட்’ 2020 மே 22 அன்று வெளியிட்ட கட்டுரை, தரவுகளைச் சரிபார்க்க வழியில்லை என்று தெரிந்ததும் ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அதே இதழ் 1998இல் வெளியிட்ட, தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்ட் கட்டுரை முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது 2010இல். அதுவும் பிரிட்டனின் மருத்துவ மன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு. அந்த 12 வருஷத்தில் எத்தனை அப்பா அம்மா பயந்துபோய்ப் பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்டிருப்பார்கள்!

படக் கோளாறு ஏதோ அபூர்வம் என்றும் எண்ண வேண்டாம். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 20,621 கட்டுரைகளைப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 3.8 சதவீதக் கட்டுரைகளில் சிக்கலான படங்கள் இருந்தன.

அதனால் ஆன்டிபாடிக்கு ஆர்டர் போடும் முன் கட்டுரையின் பெயரைப் பப்பியர் என்ற, வெளிவந்த கட்டுரைகளை விவாதிக்கும் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். யாராவது ஏற்கெனவே கேள்வி எழுப்பியிருந்தால் அங்கே தெரியும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2023இல் அதை வாங்கி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் ஸொடேரோ மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை தானாகவே வரும். உங்கள் கணினியில் எப்போதோ இறக்கி வைத்த பிடிஎஃப் மட்டும் மாறாமல் அப்படியே கிடக்கும், அதை நம்ப வேண்டாம். முதல் சோதனையைச் சின்ன அளவில் செய்யுங்கள்.

புகார் கொடுப்பதாக இருந்தால் இதழுக்கும், எழுதியவர்களின் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நேர்மையைக் கவனிக்கும் அலுவலகத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். இதழுக்கு மட்டும் அனுப்பினால் எங்களுக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும். மோசடி என்ற சொல்லே வேண்டாம், படத்தின் எண்ணையும் கண்ணுக்குத் தெரிவதையும் மட்டும் எழுதுங்கள். வேலை அனுமதி அட்டையிலோ மாணவர் அட்டையிலோ இருப்பவர்களுக்கு வாயைத் திறக்கப் பயமாக இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பப்பியரில் பெயர் சொல்லாமலே எழுதலாம். இன்னொன்று, ஆய்வு நேர்மைக்கான ‘சிங்கப்பூர் அறிக்கை’ 2010இல் நம் ஊரில் நடந்த உலக மாநாட்டில் உருவானது. நல்லெண்ணத்தோடு புகார் செய்பவரைப் பாதுகாக்க நிறுவனங்களிலும் இதழ்களிலும் நடைமுறை இருக்க வேண்டும் என்றும், தவறு உறுதியானால் பதிவை விரைவாகத் திருத்த வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடத் தயங்காதீர்கள்.

எங்கள் மாணவி தலைப்பை மாற்றிக்கொண்டு, கெடுவை நீட்டி வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கட்டுரை இன்னும் இதழில் இருக்கிறது, புதிதாக மேற்கோளும் காட்டுகிறார்கள். எழுதியவர்களின் பல்கலைக்கழகத்துக்கு இப்போது தனியாகப் புகார் அனுப்பியிருக்கிறோம், கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது. விசாரணை முடிந்ததும் அதை இங்கேயே சேர்க்கிறேன்.