பாட்டுப் பட்டியல்: செயலியிலா, பென் டிரைவிலா?

விருப்பப் பாடல்களை இசைச் செயலியில் தொகுப்பதா, பென் டிரைவில் சேமிப்பதா என்று தயங்குவோருக்காக இதை எழுதுகிறேன்.

செலவு: விளம்பரமின்றிக் கேட்கச் செயலிக்கு மாதந்தோறும் சந்தா கட்ட வேண்டும். பென் டிரைவுக்குச் சந்தா இல்லை; 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) ஒலித் தரத்தில் நான்கு நிமிடப் பாடல் சுமார் 10 எம்பி என்பதால், 16 ஜிபி பென் டிரைவில் ஏறத்தாழ 1,500 பாடல்கள் அடங்கும்.

எளிமை: தேடவும் பகிரவும் செயலியே மேல்.

ஆயுள்: உரிம ஒப்பந்தம் முடிந்தால் செயலியிலிருந்து பாடல் மறையக்கூடும். அம்மா தம் கடைசி மாதங்களில் சொல்லச் சொல்ல நான் வரிசைப்படுத்திய பட்டியலில் மூன்றாம் பாடல் ஒருநாள் சாம்பல் நிறமாகி ஒலிக்க மறுத்தபோது, அந்த இடத்தில் வேறொன்றை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பென் டிரைவும் பழுதாகும் என்பதால் இன்னொரு நகல் அவசியம்.

புதிய பாடல்களைத் தேடிக் கேட்போருக்குச் செயலி பொருந்தும். ஒருவரின் நினைவோடு பிணைந்த வரிசையைப் பென் டிரைவில் வைப்பதே நல்லது.