ஜோனிஸ் நோய் எலிசாவுக்கு மொத்தச் சாறா, ரீகாம்பினன்ட் புரோட்டீனா?

ஜோனிஸ்ங்கறது மாட்டுக்கு கன்னுக்குட்டியா இருக்கும்போது ஒரு மைக்கோபாக்டீரியக் கிருமியால ஒட்டிக்கிட்டு, பெரும்பாலும் 2லருந்து 5 வருஷம் கழிச்சுதான் கழிச்சலும் இளைப்புமா வெளிய வர்ற வியாதி இது. எலிசாங்கறது மாட்டுக்கு இந்தக் கிருமிக்கு எதிரா ஆன்டிபாடி இருக்கான்னு கலர வெச்சுப் பாக்கற டெஸ்ட். அதோட பிளேட்ல எந்த ஆன்டிஜெனை, அதாவது ஆன்டிபாடி வந்து பிடிக்கற கிருமிப் பொருள, பூசறதுன்னு நானே முழிச்சு முடிவு பண்ணதால எழுதறேன். மொதல்லயே சொல்லிடறேன், நான் ரீகாம்பினன்ட் பக்கம், அதாவது கிருமியோட ஜீன வேற பாக்டீரியால போட்டு எடுக்கற புரோட்டீன்.

மொத்தச் சாறுன்னா கிருமிய வளத்து, சோனிகேட்டர்ல ஒலி அலையால உடைச்சு, சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, மேல தெளியறத எடுக்கறது. புரோட்டீனோட கொழுப்பும் சர்க்கரையும் கலந்தே வரும், அதனால நோய் முத்துன மாட்டோட ஆன்டிபாடி எதையாவது ஒண்ணைப் பிடிச்சிடும், அதுல குறையே இல்ல. மண்ணுலயும் தண்ணிலயும் இருக்கற மத்த மைக்கோபாக்டீரியாவுக்கும் சேர்த்து கலர் வரும்ங்கறதுதான் சிக்கல், அந்த மத்த ஆன்டிபாடிய மொதல்ல உறிஞ்சி எடுக்க, சீரத்த (ரத்தம் உறைஞ்சப்புறம் மேல நிக்கற தெளிவ) முன்னாடியே மைக்கோபாக்டீரியம் ஃபிலைங்கற இன்னொரு மைக்கோபாக்டீரியாவோட கலந்து வைக்கணும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

என்னை மாத்த வெச்சது பேட்ச். இந்தக் கிருமி ஒரு தடவை இரட்டிக்கவே 20 மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கும், மீடியால மைக்கோபாக்டின் வேற போடணும், ஒரு பேட்ச் கைக்கு வர மாசக்கணக்காகும். வளப்போட வயசு மாறினா சாறும் மாறிடும். ஒவ்வொரு புது பேட்சுக்கும் கட்-ஆஃப், அதாவது எவ்வளவு கலருக்கு மேல நோய்னு சொல்றதுங்கற கோடு, திரும்ப வைக்கணும், அதுக்கு நோய் உறுதியான மாடு, சுத்தமான மாடு ரெண்டோட சீரமும் வேணும், மூணாவது பேட்ச் வந்தப்போ எனக்கு சாறு நிறைய இருந்துச்சு, உறுதியான சீரம்தான் அடி தட்டிருச்சு. பணத்த விட அதுதான் வலிச்சுது.

ரீகாம்பினன்ட்ல அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. இந்தக் கிருமியோட கே-10ங்கற ஸ்ட்ரெயினுக்கு முழு ஜீனோம் 2005லயே வந்தாச்சு, வேணுங்கற ஜீன ஈகோலைல போட்டா ராத்திரி வளத்து காலைல அறுவடை, நிக்கல் காலம்ல சுத்தம் பண்ணா போன தடவை வந்த அதே புரோட்டீன். எம்ஏபி2121சி மாதிரி 35 கிலோடால்டன் மேல்சவ்வு புரோட்டீன் நல்லா வேலை செய்யும். ஆனா ஒண்ணே ஒண்ண நம்பாதீங்க, எல்லா மாடும் ஒரே புரோட்டீனுக்கு ஆன்டிபாடி போடாது, நான் நாலு கலந்து பூசறேன். இன்னொண்ணு, ஈகோலை எந்த மாட்டுக்குத்தான் புதுசு? சுத்தம் அரைகுறைன்னா பிளேட்ல இருக்கற எல்லா கிணறும் (சின்னக் குழியும்) கலர் ஆகும், அதனால ஜீன் போடாத ஈகோலைய அதே மாதிரி சுத்தம் பண்ணி பக்கத்துக் கிணத்துல பூசிடறேன்.

பால் சாம்பிள்ல நான் ஓட்டினது கொஞ்சம்தான், அத வெச்சு அடிச்சு சொல்ல மாட்டேன். ஆரம்ப கட்டத்த ரெண்டுமே கோட்டை விடும், அப்போ மாடு செல் வழியாத்தான் எதிர்க்குது, ஆன்டிபாடி பின்னாடிதான் ஏறும், அந்த செல் எதிர்ப்பப் பாக்கற காமா இன்டர்ஃபெரான் டெஸ்ட் தனிக் கதை. பழைய சாறு நாலு குப்பி இன்னும் ஃப்ரீசர்ல இருக்கு, கட்-ஆஃப் ஓரத்துல நிக்கற சீரம் வந்தா மட்டும் வெளிய எடுக்கறேன்.